குடியை விட்டவரால்தான் இன்னொருவரை விடவைக்க முடியுமா?

நொய்யல்கரை:
போன வாரம் தம்பியை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தேன். ஆலோசகர் ஒரு மணி நேரம் பேசினார். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் டீ கொண்டுவந்தவர், "காலைல டம்ளரைப் பிடிக்க ரெண்டு கையும் வேணுமா உனக்கு?" என்று கேட்டார். தம்பி சட்டென்று நிமிர்ந்தான். அவர் குடியை விட்டு ஒன்பது வருடமாம். தான் மாறியவன் சொன்னால்தான் அடுத்தவன் காதில் ஏறும். குடிநோயாளிகள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1935இல் அமெரிக்காவில் தொடங்கியதும் அப்படித்தான். குடியை விட்ட பில் வில்சனிடம் கால் மணி நேரம் பேசினால் போதும் என்று வந்த, குடியை விட முடியாமல் தவித்த டாக்டர் பாப் ஸ்மித், ஆறு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

தாழம்பூ:
தம்பி நிமிர்ந்தது பெரிய விஷயம் அண்ணா. ஆனால் நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் போதை வார்டில் நர்ஸ். 1980இல் சென்னையில் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன் குடிக்கு அடிமையாக இருந்து மீண்டவரா? கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர்.
இன்னொன்று. "நான் ஒரே நாளில் விட்டேன், நீயும் விடு" என்று பழைய நோயாளி ஒருவர் சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே நிறுத்தியவரை மூன்றாம் நாள் எங்களிடம் தூக்கி வந்தார்கள். வலிப்பில் நாக்கைக் கடித்திருந்தார். கையில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார், எறும்பே இல்லை. வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் மருத்துவ உதவி இல்லாமல் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம்.

நொய்யல்கரை:
மருத்துவம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன் சிஸ்டர்? வீட்டுக்கு வந்தபிறகு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புமே, அப்போது யார் கூட இருப்பது? சாந்தி அம்மாவும் துக்கத்தில் மாறியவர்தானே.

தாழம்பூ:
அப்படிப் பார்த்தால் உலகத்தில் எல்லாரும் மாறியவர்கள்தான். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இருக்காது.

மழைக்காகம்:
நான் குடியை விட்டு ஆறு வருடம். பில் வில்சன் கதையில் முன்பாதியையும் சொல்கிறேன். அவர் குடியை விட்டது 1934 டிசம்பரில். அடுத்த ஐந்து மாதம் நியூயார்க்கில் பலரைத் திருத்தப் பார்த்தார், ஒருவரும் திருந்தவில்லை. தனக்குக் கிடைத்த ஆன்மிக அனுபவத்தைப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அக்ரன் நகரில் போன வேலை கெட்டு, ஹோட்டல் பாரின் சத்தம் இழுக்க, மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். பாப் ஸ்மித்திடம் போனது அந்தப் பயத்தோடுதான்.
நானும் முதல் வருடம் "நான் விட்டேனே" என்று மச்சானைத் துரத்தினேன். அவர் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஒரு ராத்திரி எனக்கே தாங்கவில்லை. அவருக்குப் போன் போட்டு, "கொஞ்சம் பேசிட்டே இருங்க மச்சான்" என்றேன். அதற்கப்புறம்தான் அவர் என்னோடு கூட்டத்துக்கு வந்தார்.

தாழம்பூ:
பிரசங்கத்தை விடு, இது நோய் என்பதை முதலில் சொல் என்று பில் வில்சனுக்குப் புரியவைத்த சில்க்வொர்த் ஒரு டாக்டர். அவர் குடிநோயாளி இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
நொய்யல்கரை அண்ணா, டிஸ்சார்ஜ் ஆகும் முன் அந்த டீ கொண்டுவந்தவரின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு அவர் வேண்டும்.