டர்போ ஏற்றிய எஞ்சினில் ஹெட்டும் கேஸ்கெட்டும்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கோயம்புத்தூரிலிருந்து:

போன மழைக்காலத்தில் 1.5 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. வேறோர் இடத்தில் டர்போ ஏற்றி, 0.7 பார் பூஸ்ட் (டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் அழுத்தம்) வைத்துக் கொடுத்திருந்தார்கள். ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. பைபாஸில் மூன்றாம் கியரில் முழுக்க மிதித்தால் போதும், ரிசர்வாயர் மூடி வழியாகக் கூலன்ட் கொப்பளிக்கும். வெள்ளைப் புகை இல்லை, ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கும் கீழிருக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் கேஸ்கெட்டை ஏற்கெனவே மாற்றியாயிற்று, அதுவும் போய்விட்டது என்றார் ஓனர்.

கூலன்டில் எரிபுகை கலக்கிறதா என்று நீலத் திரவம் ஊற்றிப் பார்க்கும் சோதனையை ஐடிலில் செய்தோம், நிறம் மாறவே இல்லை. பூஸ்ட் கொடுத்து ஓட்டி வந்து வைத்தபோது மஞ்சளாகிவிட்டது. அதாவது, சுமை ஏறும்போது மட்டும் ஹெட் தூக்குகிறது.

இதில் கணக்கு ரொம்ப முக்கியம். 73 மில்லிமீட்டர் போர் என்றால் சுமார் 42 சதுர சென்டிமீட்டர் பரப்பு. உள்ளே எரியும் உச்ச நேரத்தில் 80 பார் அழுத்தம் வந்தால், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஹெட்டை ஏறக்குறைய 3.4 டன் விசையில் மேலே தள்ளும். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது சுற்றியுள்ள போல்ட்களின் இழுவிசைதான். கேஸ்கெட்டுக்கு ஹெட்டைப் பிடித்து நிறுத்தும் வேலை கிடையாது. மேலிருந்து அழுத்தம் இருக்கும்வரை இடைவெளியை அடைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஹெட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. 2ஆம் சிலிண்டருக்கும் 3ஆம் சிலிண்டருக்கும் நடுவில், கேஸ்கெட்டில் சிலிண்டர் வாயைச் சுற்றியிருக்கும் நெருப்பு வளையம் நசுங்கியிருந்தது. ஸ்பார்க் பிளக் பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியப் புள்ளிகள். நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் தானாகவே வெடித்து எரிவது, பலமாக நடந்திருக்கிறது. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சின்னது, பிளக் பொறி விடும் டைமிங்கோ பூஸ்ட் இல்லாத எஞ்சினுக்கு வைத்தது போலவே இருந்தது. எத்தனை கேஸ்கெட் போட்டாலும் இது நிற்காது. போதாததற்கு இது திறந்த டெக் பிளாக், சிலிண்டர்களின் மேல் விளிம்பைச் சுற்றிப் பிடிப்பே கிடையாது. ஒவ்வொரு நாக்கிற்கும் சிலிண்டர் லேசாக அசையும், வளையம் தேயும்.

தடிமனான கேஸ்கெட் போட்டுக் கம்ப்ரஷனைக் குறைத்துவிடலாமே என்று ஓனர் கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் அளவில்தான் இடைவெளி இருக்க வேண்டும். அப்போதுதான் ஓரத்திலிருக்கும் கலவை நடுவே பிதுக்கப்பட்டு வேகமாக எரியும். அதை 2 மில்லிமீட்டர் ஆக்கினால் கம்ப்ரஷன் குறையும். நாக்கிங் எதிர்பார்த்த அளவு குறையாது. சேம்பர் (ஹெட்டில் கலவை எரியும் குழி) பெரிதான ஹெட்டோ, குழி ஆழமான பிஸ்டனோதான் முறையான வழி.

நாங்கள் செய்தது: பெரிய இன்டர்கூலர், பூஸ்ட் ஏறும் இடத்தில் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்தது, போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் (பிளாக்கில் முடுக்கி மேலே நட் போடும் மரைத் தண்டு), ஹெட்டின் அடி முகத்தைச் சீவிச் சமமாக்கும் ஃபேஸிங், கம்பெனித் தடிமனிலேயே பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட். வண்டி இன்றைக்கும் ஓடுகிறது, கூலன்ட் மட்டம் இறங்கவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டீல் கேஸ்கெட்டுக்கு அது உட்காரும் முகம் வழவழப்பாக இருக்க வேண்டும், சொரசொரப்பு 50 மைக்ரோ இஞ்ச் அல்லது அதற்கும் கீழே. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டக் கையில் கிரைண்டரும் சொரசொரப்பான வட்டும் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். அந்த வட்டு அலுமினியத்தில் பள்ளம் பறிக்கும், கண்ணுக்குத் தெரியாது. அப்புறம், பிளாக்கில் போல்ட் ஓட்டைகளை ஏர் பிடித்துச் சுத்தம் செய்யுங்கள். அடியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் க்ளிக் அடிக்கும், ஆனால் ஹெட் இறுகியிருக்காது.

டொரான்டோவிலிருந்து:

அண்ணா, தடிமன் கேஸ்கெட் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இங்கே பழைய பிக்கப்களில் வரும் ஜிஎம் 5.3 லிட்டர் வி8க்கு டர்போ போடுவது ரொம்பப் பிரபலம். அதில் 706 அல்லது 862 என்ற எண் வார்த்த ஹெட் இருக்கும், சேம்பர் 61 சிசி. பூஸ்ட் என்றதும் எல்லோரும் 6 லிட்டர் எஞ்சினின் 317 ஹெட்டைத் தேடி ஓடுவார்கள், அதில் 71 சிசி. கணக்குப் போட்டால் கம்ப்ரஷன் விகிதம் 9.5லிருந்து 8.5க்கு இறங்கும். நல்லதுதான். ஆனால் பூஸ்ட் ஏறுவதற்கு முன்னால் வண்டி மந்தமாக இருக்கும். தினமும் வேலைக்கு ஓட்டுகிற வண்டிக்கு நான் 243 அல்லது 799 ஹெட்டையே தேர்ந்தெடுப்பேன். சேம்பர் 65 சிசி அளவுதான், காற்றுப் போக்கு 706, 862 ஹெட்களைவிட நன்றாக இருக்கும்.

இந்த எஞ்சின் குடும்பத்தில் ஒரு சிலிண்டரைச் சுற்றி நான்கு 11 மில்லிமீட்டர் போல்ட்தான் பிடிக்கின்றன. பூஸ்ட் மிக அதிகமாகும்போது முதலில் தோற்பது அங்கேதான். அதனால்தான் ஜிஎம்மே பந்தயத்துக்கு விற்ற எல்எஸ்எக்ஸ் பிளாக்கில் சிலிண்டருக்கு ஆறு போல்ட் வைத்தார்கள். கம்பெனி போல்ட் ஒருமுறை நீண்டு கொடுக்கும் வகை, கழற்றினால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கேஸ்கெட்டுக்குப் பெரும்பாலோர் எடுப்பது எல்எஸ்9 எஞ்சினுடையது, சூப்பர்சார்ஜர் வைத்து வந்த 2009 கார்வெட் இசட்ஆர்1க்காகச் செய்தது. என் வண்டியிலும் அதுதான், ஸ்டட்டோடு.

ஹட்டனிலிருந்து:

இங்கே பந்தயம் எல்லாம் இல்லை, மலை ஏற்றம்தான் எங்களுக்குப் பந்தயம். 3 லிட்டர் டர்போ டீசல் ஜீப்புகள் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா பக்கம் ஏறும்போது, பூஸ்ட் இறங்காமல் ஏறியே இருக்கும். வெயில் நேரத்தில் ரேடியேட்டர் பாதி அடைபட்டிருந்தால் ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு விழும். கேஸ்கெட்தான் போனது என்று நினைத்துப் புதிது போட்டு, மறுபடி ஹெட்டை இறக்கிய வண்டிகள் நிறைய வந்திருக்கின்றன.

நாங்கள் இப்போது எந்த ஹெட் என்றாலும், பழையதானாலும் புதிதானாலும், சுடுநீரில் வைத்துக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்காமல் ஏற்றுவதில்லை. குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொள்ளும் வெடிப்பு சூட்டில்தான் வாய் திறக்கும். முன்னறை (எரிதல் தொடங்கும் தனிச் சிறு அறை) வைத்த டீசலில் இன்னொன்றும் உண்டு: ஹெட்டில் பதித்திருக்கும் அந்த அறையின் உலோகத் துண்டு ஃபேஸிங் செய்த பிறகு உள்ளே தாழ்ந்தோ அதிகமாக வெளியே துருத்தியோ இருக்கக் கூடாது. கேஸ்கெட் தடிமனையும் கண்ணால் பார்த்து எடுக்க முடியாது. பிஸ்டன் பிளாக்கை விட்டு எவ்வளவு வெளியே வருகிறது என்று டயல் கேஜில் அளந்து, அதற்குரிய குறி வெட்டிய கேஸ்கெட்டை வாங்க வேண்டும்.

ஒரு சந்தேகம் அண்ணன். ஓடிச் சூடேறிய பிறகு மறுபடி இறுக்க வேண்டுமா?

கோயம்புத்தூரிலிருந்து:

பல அடுக்கு ஸ்டீலுக்குப் பொதுவாகத் தேவையில்லை தம்பி. முதலிலேயே படிப்படியாக, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்கியிருந்தால் போதும். நாரும் உலோகமும் சேர்ந்த பழைய காம்போசிட் வகை ஓடி ஓடிச் சற்று அமுங்கும், அதைச் செய்த கம்பெனி மறு இறுக்கம் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். செம்புத் தகடு போட்டாலும் அப்படித்தான். ஆனால் சாலையில் ஓடும் வண்டிக்குச் செம்பை நான் சொல்ல மாட்டேன். சிலிண்டரைச் சுற்றிக் காடி வெட்டி வளையக் கம்பி பதித்தால் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், தண்ணீர்ப் பக்கம்தான் கசிந்துகொண்டே இருக்கும். ஸ்டட் போட்டிருந்தால் இன்னொன்று: நட்டுக்கு எந்தக் கிரீஸ் தடவச் சொல்லியிருக்கிறார்களோ அதையே தடவுங்கள். ஆயில் தடவிவிட்டு அதே டார்க் எண்ணை வைத்தால் இழுவிசை குறைந்துபோகும்.