புதுப்பிப்பு: பல்ஸ் ஆல்பத்தின் அந்தக் கடைசி சோலோ

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் 1995 லைவ் ஆல்பமான 'பல்ஸ்' பற்றிய முந்தைய இழையில், 'கம்ஃபர்ட்டப்லி நம்ப்' பாட்டின் இறுதி கிட்டார் சோலோவுக்கு (தனி வாசிப்பு) ஃபஸ்ஸைக் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) கூட்டச் சொல்லியிருந்தேன். அது தப்பு, குறைக்கணும். ஃபஸ் ஏற ஏற நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிக் படும் சத்தமே அமுங்கிப்போகும்.

குழுவின் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர் வாசித்தது இஎம்ஜி கம்பெனி பிக்கப் (கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) போட்ட சிவப்பு ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்). சாதா ஸ்ட்ராட் போதும், பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பில் டோன் குமிழைக் கொஞ்சம் இறக்குங்கள். முதலில் ஃபஸ், அதற்குப் பிறகே டிலே (எதிரொலி எஃபெக்ட்). மாற்றிப் போட்டால் எதிரொலியும் சேர்ந்து கரகரக்கும். டிலே 400–450 மில்லிசெகண்ட், கேட்டும் கேட்காத அளவில்.

பலர் சறுக்குவது பெண்டில்தான் (கம்பியை இழுத்துச் சுருதி ஏற்றுவது). ஸ்கேல் பி மைனர் பென்டடானிக் (ஐந்து நோட்டு ஸ்கேல்). மூன்றாம் கம்பி 9ஆம் ஃபிரெட்டை ஒரு முழு டோன் (இரண்டு ஃபிரெட் அளவு சுருதி) இழுத்தால் எஃப் ஷார்ப் வரணும். இரண்டாம் கம்பி 7ஆம் ஃபிரெட்டும் அதே நோட்டுதான். அதைத் தட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள், குறை உடனே காதில் உறுத்தும். மோதிர விரல் இழுக்க, பின்னால் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் முட்டுக்கொடுக்கணும். சுருதியைத் தொட்ட பிறகே வைப்ராட்டோ (நோட்டை லேசாக அசைப்பது).