மறுமொழி: எல்யூடி – ‘தேடல் அட்டவணை’யா, ‘வாய்பாடா’?

அண்ணாச்சிக்கும் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

எஃப்பிஜிஏ (‘ஃபீல்ட் புரோகிராமபிள் கேட் அரே’, வேண்டிய மின்சுற்றை நாமே நிரல் எழுதி அமைத்துக்கொள்ளும் சில்லு) என்பதற்குள் இருக்கும் ‘லுக்-அப் டேபிள்’ (சுருக்கமாக எல்யூடி) என்ற உறுப்புக்கு அண்ணாச்சி ‘தேடல் அட்டவணை’ என்று எழுதியிருந்தார்கள். மூன்று நாளாக மனத்தில் போட்டு உருட்டிப் பார்த்தேன், ஒப்பவில்லை. அந்த உறுப்பு எதையும் தேடுவதில்லை. நான்கு கம்பிகளில் வரும் 0, 1 எல்லாம் சேர்ந்து 16 அறைகளில் ஒன்றைச் சுட்டுகின்றன. அந்த அறையில் முன்பே எழுதிவைத்த விடை அப்படியே வெளியே வருகிறது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் பிள்ளை கூட்டிப் பார்ப்பதில்லை, ஐம்பத்தாறு என்று சட்டென்று சொல்கிறது. மனப்பாடமான விடைக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: வாய்பாடு.

இந்தச் சொல்லை நான் பிடித்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. யாப்பிலும் வாய்பாடு இருக்கிறது. நேர், நிரை என்று அசை இரண்டே வகை. ஈரசைச் சீர் நான்கு: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். மூவசை எட்டு, நாலசை பதினாறு. நேர் என்பதை 0 என்றும் நிரை என்பதை 1 என்றும் கொள்ளுங்கள். இரண்டு, மூன்று, நான்கு உள்ளீடுகளுக்கான வரிசைகள் அத்தனையும் அங்கே வந்துவிடுகின்றன. கருவிளத்தின் அறையில் மட்டும் விடையாக 1 எழுதினால் அது ‘ஆண்ட்’ கதவு (‘கேட்’), அதாவது இரண்டு உள்ளீடும் 1 ஆனால்தான் 1 தரும் சுற்று. தேமாவைத் தவிர மற்ற மூன்றுக்கும் எழுதினால், ஏதாவது ஒன்று 1 ஆனாலே போதும் என்கிற ‘ஆர்’. புளிமாவுக்கும் கூவிளத்துக்கும் மட்டும் எழுதினால், மாடிப்படியில் மேலும் கீழும் இரண்டு சுவிட்ச் வைத்து எரிக்கிற விளக்கு. பாளையங்கோட்டையில் சனிக்கிழமைதோறும் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். தமிழ் வழியில் படித்து வந்த வீரவநல்லூர்ப் பையன் ஒருவன் இந்த இடத்தில் எழுந்து நின்று, “அப்படியானால் சில்லுக்குள் கதவே கிடையாதா சார்?” என்று கேட்டான். அவன் கேட்டது சரி. பெயரில்தான் ‘கேட்’ இருக்கிறது. உள்ளே இருப்பது வாய்பாடு. ‘தேடல் அட்டவணை’ என்று சொல்லிக்கொடுத்த ஆண்டுகளில் இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

நாங்கள் வகுப்பில் வைத்திருப்பது லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 குடும்பத்துச் சில்லு. ஒரு தருக்கக் கண்ணறையில் (‘லாஜிக் செல்’) நான்கு உள்ளீட்டு வாய்பாடு ஒன்று, அதன் விடையைப் பிடித்துவைக்க ஃபிளிப்-ஃபிளாப் ஒன்று, கூட்டலில் மிச்சத்தை அடுத்த கண்ணறைக்குக் கடத்தும் வழி ஒன்று. அப்படி எட்டுக் கண்ணறை சேர்ந்தது ஒரு தொகுதி. எச்எக்ஸ்1கே வகையில் இப்படி 1280 கண்ணறைகள். சைலிங்ஸின் ஏழாம் வரிசைச் சில்லுகளில் வாய்பாட்டுக்கு ஆறு உள்ளீடு, ஆகவே 64 அறை. குடும்பம் மாறினாலும் சொல் மாற வேண்டியதில்லை: நாலுள்ளீட்டு வாய்பாடு, ஆறுள்ளீட்டு வாய்பாடு.

மறுப்புகளுக்கு வருகிறேன். ‘பெருக்கல் வாய்பாடு மாறாதது, இதை மாற்றி எழுதலாமே’ என்று ஒருவர் கேட்டிருந்தார். சிலேட்டில் எழுதிய வாய்பாடு என்று எண்ணிக்கொள்ளுங்கள். மின்சாரம் நின்றால் அழிந்துபோகும். மறுபடி வந்ததும் ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து சில்லு திரும்ப எழுதிக்கொள்ளும். ‘எந்த உள்ளீட்டுக்கு எந்த விடை என்று காட்டும் பட்டியலுக்கு உண்மை அட்டவணை என்ற சொல் பாடநூலில் இருக்கிறதே’ என்பது அடுத்தது. அது தாளில் நாம் போடுகிற கணக்கு; சில்லில் இருக்கும் பொருளுக்குத் தனிப்பெயர் வேண்டும். வேதியியலில் மூலக்கூறு வாய்பாடு இருக்கிறது என்ற மறுப்பு மட்டும் வலுவானது. இரண்டு துறையும் கலந்து வரும் கட்டுரையில் ‘விடைவாய்பாடு’ என்று எழுதிக்கொள்ளலாம். மின்னணுப் பாடத்துக்குள் வெறும் வாய்பாடே போதும்.

கண்ணறைகளுக்கு இடையே ஓடும் இணைப்புக் கம்பிகளுக்கு அண்ணாச்சி சொன்ன ‘வாய்க்கால்’ எனக்கு முழுச் சம்மதம். ‘ரூட்டிங் சேனல்’ என்பதற்கு அதைவிடப் பொருந்திய சொல் கிடைக்காது. ஆனால் அந்தக் கம்பிகளைச் சேர்த்தும் பிரித்தும் விடுகிற சுவிட்சுக்கு ‘மதகு’ வேண்டாம், ‘மடை’ என்று வையுங்கள். தாமிரபரணியின் சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயை ஆளுக்கு ஆள் வெட்டுவதில்லை. அது வெட்டியபடி கிடக்கிறது, எந்த மடை திறந்திருக்கிறதோ அந்த வயலுக்குத் தண்ணீர் போகிறது. சில்லிலும் கம்பிகள் ஆலையிலேயே பதிந்துவிட்டன. நாம் எழுதும் நிரல் திறப்பதும் அடைப்பதும் வயலுக்குப் பிரியும் அந்தச் சிறு வாய்களைத்தான். மதகு என்றதும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அணைக்கட்டின் பெரிய ஷட்டர்தான் கண்ணில் தெரியும்.

எழுத்து ஒன்றும் முடிவாக வேண்டும். வாய்பாடு, வாய்ப்பாடு என இரண்டு வடிவமும் அச்சில் வருகின்றன. ஒற்று இல்லாததையே நான் எழுதிவருகிறேன். ஃபிளிப்-ஃபிளாப்பை அடுத்த இழையில் எடுப்போம். வரும் சனிக்கிழமை வகுப்புக் குறிப்பைப் புதிதாக அச்சிடுகிறேன்; அதற்குள் அண்ணாச்சி ஒற்றைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டால் நல்லது.