லோ ஃபீல்டு எம்ஆர்ஐ: குறைபுலமா, மென்புலமா, தாழ்புலமா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், வணக்கம். நகர்த்தக்கூடிய எம்ஆர்ஐ கருவிக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். புதன்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். மருத்துவமனைகளில் வழக்கமாகக் காணும் கருவி 1.5 அல்லது 3 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) வலுவுள்ள, மின்தடையே இல்லாத மீகடத்திக் காந்தத்தால் ஆனது. அதன் கம்பிச்சுருளை நீர்ம ஹீலியம் -269 டிகிரி செல்சியஸ் அளவில் குளிராக வைத்திருக்க வேண்டும். கையேடு பேசுவதோ 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு வகையைப் பற்றி: 0.064 டெஸ்லா நிலைக்காந்தம், ஹீலியம் வேண்டாம், நோயாளியின் கட்டிலருகே தள்ளிக்கொண்டு போய்ச் சாதாரண பிளக் பாயின்டிலேயே மாட்டலாம். காந்தப்புலத்தின் வலு குறைவு எனப் பொருள்படும் 'லோ ஃபீல்டு' என்பதற்குக் 'குறைபுலம்' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த தொழில்நுட்பர், "குறையுள்ள கருவியையா வாங்கப் போகிறோம்?" என்று கேட்டுவிட்டார். வேறு சொல் உண்டா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை. சங்கப் பாடல்களில் மருதமும் நெய்தலும் மென்புலம். குறிஞ்சியும் முல்லையும் வன்புலம். 1.5 டெஸ்லாவை வன்புலம் என்றும் தங்கள் கருவியை மென்புலம் என்றும் அழைத்தால் ஓர் இணை கிடைக்கிறது, இழிவும் தொனிக்காது. புலம் என்பதே நிலம், திசை, அறிவு, பொறியுணர்வு என விரியும் சொல். உடலின் உள்ளிருப்பதைப் புலப்படுத்தும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான அடிச்சொல் ஏது? ('புலவர்' வரை போகலாம்; தங்கள் அவசரம் கருதி நிறுத்துகிறேன்.)

மருத்துவக் கருவிப் பொறியாளர்:
ஐயா, இணை அழகானது. ஆனால் மென்பொருளுக்குப் பழகிய காது மென்புலத்தையும் கணினியோடுதான் சேர்க்கும். 1973இல் காந்த ஒத்ததிர்வைக் கொண்டு படம் எடுத்து வெளியிட்ட பால் லாட்டர்பர், நுகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அம்முறைக்கு 'ஸூக்மட்டோகிராபி' என்று பெயர் சூட்டினார். 2003இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் வைத்த பெயருக்குத்தான் புழக்கம் கிடைக்கவில்லை. 'லோ ஃபீல்டு' என்றே விட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்து இயற்பியல் ஆசிரியர்:
அப்படி விடுவதற்கு இந்தக் குழுமம் எதற்கு? எம்ஆர்ஐ என்ற பெயரில் உள்ள ஒத்ததிர்வை (ரெசொனன்ஸ்) நாங்கள் பரிவு என்றும் படிமத்தை (இமேஜ்) விம்பம் என்றும் படிப்பித்து வருகிறோம். பிள்ளைகளுக்கு விளங்காமற் போனதில்லை. 'தாழ்புலம்' போதுமானது. வானிலை அறிக்கையில் தாழமுக்கம் (காற்றழுத்தத் தாழ்வு) என்று கேட்கும் எவரும் அதனை இழிவாக எண்ணுவதில்லையே.

தமிழாசிரியர்:
தாழ்புலம் வினைத்தொகையாயிற்றே! தாழ்ந்த, தாழ்கின்ற, தாழும் என முக்காலமும் அதில் கரந்து நிற்கும். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே வலு இறங்கிக்கொண்டிருக்கும் கருவி என்றல்லவா பொருள்படும்?

பொறியாளர்:
உண்மையில் நடப்பதும் அதுதான், ஐயா. இவ்வகைக் கருவிகள் பலவற்றில் உள்ள நியோடிமியக் காந்தத்தின் வலு, ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 0.1 விழுக்காடு இறங்கும். குளிரூட்டிய ஆய்வகத்தில் சரிசெய்த கருவியை மே மாதத்துப் பொது வார்டுக்குக் கொண்டுவந்தால், காந்தத்தின் வலுவைப் பொறுத்து அமையும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணை மறுபடி தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். உகாண்டாவின் ம்பராராவில் நெதர்லாந்தின் லைடன் குழுவினரோடு சேர்ந்து 2022இல் கட்டிய கருவியும் சிறு காந்தங்களை வளையமாக அடுக்கியதுதான். குழந்தைகளின் மூளையில் நீர் கோப்பதைக் கண்டறிய அத்தகைய கருவி அங்கே தேவைப்படுகிறது. விலை குறையக் காரணமான அதே காந்தம்தான் இந்தத் தொல்லையையும் கொண்டுவருகிறது. தங்கள் வினைத்தொகை இயற்பியலை மீறவில்லை. என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
செவ்வாய் இரவு ஆகிவிட்டது. நால்வரில் ஒருவர் மட்டுமே மறுப்பதால் 'தாழ்புல எம்ஆர்ஐ' என்று மாற்றிவிட்டேன். முதல் பக்கத்தில் மட்டும் 'லோ ஃபீல்டு' என்பதும் உடன் நிற்கும். அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:
அச்சுக்குப் போகட்டும், அம்மா. ஆனால் அடுத்த அறையில் இருக்கும் 1.5 டெஸ்லாவை என்னவென்று அழைப்பீர்கள்? உயர்புலமும் வினைத்தொகையே, அது உயர்ந்துகொண்டே போகுமோ?