விமானி வேலை: மக்கள் நினைப்பதும் நாங்கள் கண்டதும்

துணை விமானி, சென்னை

விமானி என்று சொன்னதும் வரும் கேள்விகள் எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. எத்தனை நாடுகள் பார்த்தாயிற்று, சம்பளம் இலட்சக்கணக்கில் வருமாமே, இப்போதெல்லாம் விமானம் தானாகவே பறக்கிறதாமே. முதல் கேள்விக்குப் பதில் எளிது. உள்நாட்டுத் தடங்களில் ஏர்பஸ் 320 ஓட்டும் எனக்குப் பெரும்பாலான ஊர்களில் அங்குள்ள விமான நிலையத்தில் கழியும் அரைமணி, முக்கால் மணி நேரம்தான் பழக்கம். அந்த நேரத்திலும் ஒருவர் கீழே இறங்கி, மழையோ வெயிலோ, விமானத்தைச் சுற்றிவந்து சக்கரங்கள், என்ஜின் விசிறி, வேகத்தை அளக்கும் குழாய்கள் என ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மற்றவர் அடுத்த பயணத்துக்கான எரிபொருள், எடை, வானிலைக் கணக்குகளில் மூழ்கியிருப்பார். சம்பளம் நன்றாகத்தான் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. மூன்றாவது கேள்விக்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மதுரையில் ஓர் உறவினர் திருமணப் பந்தியில் என் தாய்மாமா அதை மிகுந்த பாசத்தோடு கேட்டார்: “பட்டனைத் தட்டிவிட்டாப் போதுமாமே மாப்ளே, அப்புறம் ரெண்டு பேர் எதுக்கு?” இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் விளக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். ஆட்டோ பைலட் நாங்கள் கொடுக்கும் உயரத்தையும் திசையையும் வேகத்தையும் பிடித்துக்கொண்டு பறக்கும். எந்த உயரம் வேண்டும், முன்னால் திரண்டு நிற்கும் மேகத்துக்கு இடப்புறம் போவதா வலப்புறம் போவதா, அதற்கு எரிபொருள் போதுமா என்பதையெல்லாம் அது முடிவு செய்யாது. எங்கள் விமானத்தில் புறப்பாடு ஒவ்வொரு முறையும் கையால்தான். தரையிறக்கமும் பெரும்பாலும் கையால்தான். தானியங்கித் தரையிறக்கம் என்ற வசதி உண்டு. டெல்லியில் குளிர்காலப் பனிமூட்டம் மிகவும் அடர்ந்துவிட்டால் அது இல்லாமல் இறங்கவே முடியாது. ஆனால் அதற்கு ஓடுபாதையில் தகுந்த கருவிகள் வேண்டும், விமானத்துக்கும் விமானிகள் இருவருக்கும் தகுதிச் சான்று வேண்டும். பக்கவாட்டில் வீசும் காற்றின் வேகம் 20 நாட் (knot) அளவைத் தாண்டினால், அதாவது மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டரைத் தாண்டினால், ஏர்பஸ் 320இல் அதைப் பயன்படுத்தவும் கூடாது. காற்று அதைவிட வலுக்கும்போது விமானிதான் தன் கையால் இறக்குகிறார். இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று பயணிகள் நம்பியிருக்கிற அந்த வேளையில்தான் இயந்திரத்துக்கு அனுமதி இல்லை.

2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கிய நேரத்தில், மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ஒன்று சென்னை ஓடுபாதையை ஒட்டி வந்து, காற்றில் சாய்ந்தாடி, மறுபடியும் மேலெழும்பிச் சென்ற காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அது “மயிரிழையில் உயிர் தப்பினர்” என்ற தலைப்போடு வந்து சேர்ந்தது. அம்மா அன்று இரவு என்னை அழைத்து வேலையை விட்டுவிடச் சொன்னார். அந்த விமானத்தை ஓட்டியவர்களை எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் செய்தது என்ன என்பது விமானிகள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு கோ-அரவுண்ட் என்று பெயர். ஒவ்வொரு தரையிறக்கத்துக்கு முன்பும், அதைச் செய்ய நேர்ந்தால் எந்த உயரத்துக்கு ஏறுவது, எந்தப் பக்கம் திரும்புவது என்று இருவரும் வாய்விட்டுப் பேசி வைத்துக்கொள்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் நடக்கும் தேர்வில், என்ஜின் ஒன்று நின்றுபோன நிலையிலும் அதைச் செய்து காட்ட வேண்டும். தேறாதவர் மறுபயிற்சி முடித்துத் தேறும்வரை பயணிகள் விமானத்தைத் தொட முடியாது. இறக்கம் சரியாக அமையவில்லை என்று தெரிந்தும் எப்படியாவது இறக்கிவிடலாம் என்று தொடர்வதுதான் ஆபத்து. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அப்படின்னா அதை ஏன் யாரும் போட மாட்டேங்கிறாங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். ஓர் அக்டோபர் மாத மாலையில் புணேயிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தோம். மீனம்பாக்கத்தின் மேலேயே இடிமழை நின்றுவிட்டது. வட்டமடித்துக் காத்திருந்தோம். கேப்டன் தன் காகிதத்தின் ஓரத்தில் 3.6 டன் என்று எழுதி அதைச் சுற்றிக் கட்டம் போட்டிருந்தார். எரிபொருள் அந்த அளவைத் தொட்டுவிட்டால், மழை அடுத்த நிமிடமே விடும் என்று யார் சொன்னாலும் பெங்களூருக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அதன் பொருள். அந்த அளவு வந்தது, திரும்பினோம். பெங்களூரில் விமானம் நின்றதும் நடுத்தர வயதுள்ள ஒருவர் முன்னால் வந்தார். அவருடைய தந்தை அன்று காலையில் இறந்திருந்தார். மறுநாள் விடியற்காலையில் எடுக்கிறார்கள். “நமக்கு முன்னாடி வந்த ஃப்ளைட் இறங்கிடுச்சுன்னு என் தம்பி ஏர்போர்ட்ல நின்னு சொல்றான். உங்களால மட்டும் ஏன் சார் முடியல?” என்று கேட்டபோது அவர் குரல் உடைந்திருந்தது. கேப்டன் விமானி அறையிலிருந்து எழுந்து வந்து நின்றபடியே பதில் சொன்னார்: “அவங்க வந்தப்ப ஒரு இடைவெளி கிடைச்சுது சார். நாம வர்றதுக்குள்ள அது மூடிடுச்சு. உங்களை இன்னைக்கு ராத்திரிக்குள்ள சென்னையில இறக்குறதுக்குத்தான் பார்க்கிறேன்.” அவரை முதல் வரிசையில் உட்கார வைத்து, சென்னையில் முதலில் இறக்கிவிடவும் ஏற்பாடு செய்தார். எங்கள் பணி நேர வரம்பு முடிவதற்குள் மழை விட்டதால், அன்று இரவே சென்னை வந்து சேர்ந்தோம்.

அந்த மனிதரின் கோபத்தில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அன்று மாலை கேப்டன் போட்ட அந்தக் கட்டம்தான் அவருடைய வேலை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தாமதம், திசைமாற்றம், இறங்காமல் மேலெழும்புவது, உடல் சரியில்லை என்று பணிக்கு வர மறுப்பது என, பயணிகளின் கண்ணுக்குத் தோல்வியாகத் தெரியும் ஒவ்வொன்றிலும்தான் விமானியின் பயிற்சி முழுவதும் அடங்கியிருக்கிறது. மெதுவாக, அதிராமல் இறங்கியதற்குக் கிடைக்கும் கைதட்டல் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நனைந்த ஓடுபாதையில் சற்று அழுத்தமாக இறக்குவதுதான் சரியான முறை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வங்கி அதிகாரி, கோயம்புத்தூர்

மேலே எழுதியவர் இந்த வேலைக்குள் இருந்து சொல்கிறார். நான் அந்த வேலைக்கான கதவு மேசையின் மறுபுறத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்கிறேன். கல்விக் கடன் கேட்டு வரும் பெற்றோரில், மருத்துவப் படிப்புக்கு வருபவர்கள் செலவைப் பற்றி ஓரளவு விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். விமானிப் பயிற்சிக்கு வருபவர்களிடம் பெரும்பாலும் ஒரு விளம்பரத் தாள்தான் இருக்கிறது. இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் எழுத்துத் தேர்வுகளில் தேற வேண்டும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். செலவு ஐம்பது இலட்சத்தைத் தாண்டுவது இயல்பு. அந்த உரிமம் கையில் வந்த பிறகும் குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும், அதற்குத் தனியாகப் பல இலட்சங்கள் ஆகும் என்பது பலருக்கு எங்கள் மேசையில்தான் தெரியவருகிறது.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர், வீட்டுப் பத்திரத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு மகனோடு வந்தார். பையன் கெட்டிக்காரன், மகாராஷ்டிரத்தில் பயிற்சி முடித்து 2020 தொடக்கத்தில் உரிமத்தோடு திரும்பினான். கொரோனா ஊரடங்கால் மார்ச் 25 முதல் உள்நாட்டு விமானங்கள் நின்றன. மே 25 அன்று மறுபடி தொடங்கியபோதும் புதியவர்களை எடுக்க யாரும் தயாராக இல்லை. ஏற்கனவே 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியிருந்ததால், அனுபவமுள்ள விமானிகளே வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பையன் தந்தையின் தறிக் கூடத்தில் கணக்கு எழுதினான். ஊரில் அவனை எல்லோரும் பைலட் தம்பி என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவன் முகம் சுருங்குவதைத் தவணை கட்ட வரும்போது நானே பார்த்திருக்கிறேன். பிறகு அவனுக்கு வேலை கிடைத்தது, கடனும் ஒழுங்காக அடைகிறது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் அந்தக் குடும்பம் பட்டது எந்த விளம்பரத் தாளிலும் இல்லை.

வேறொரு குடும்பம் முதல் தவணைக் கட்டணத்தைக் கட்டிய பிறகு மருத்துவப் பரிசோதனைக்குப் போனது. பிள்ளைக்கு நிறக் குருடு. சில நிறங்களைப் பிரித்தறிய முடியாத அந்தக் குறை அதுவரை அவனுக்கே தெரியாது. கட்டிய பணத்தைப் பயிற்சிப் பள்ளி முழுவதுமாகத் திருப்பித் தரவில்லை. ஆகவே என்னிடம் வரும் ஒவ்வொரு பெற்றோரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி சொத்தைப் பற்றியது அல்ல. மருத்துவச் சான்று வாங்கிவிட்டீர்களா என்றுதான் கேட்கிறேன்.

கேப்டன் ஒருவரின் மனைவி, பல்லாவரம்

என் கணவர் விமானி என்று தெரிந்ததும், வாரம் ஒருமுறை சிங்கப்பூர் போய்வருவீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. படுக்கையறைச் சன்னல்களில் வெளிச்சம் புகாத கனத்த திரை. பகலில் அழைப்பு மணியின் இணைப்பைத் துண்டித்துவிடுவோம். அவர் உறங்கும் நேரத்தில் குக்கர் வைப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு அழைத்துப்போக வண்டி வரும் என்றால் முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு அவர் படுத்தாக வேண்டும், அப்போதுதான் தெருவில் பிள்ளைகள் விளையாடத் தொடங்குவார்கள். இந்த வேலையில் மிகக் கடினமானது எது என்று என்னைக் கேட்டால், நினைத்த நேரத்தில் தூங்கிக் காட்டுவது என்றுதான் சொல்வேன்.

உறவினர்களுக்குப் புரிய வைக்கவே முடியாதது மருந்து விஷயம். இருமலோடு அவர் ஊருக்குப் போயிருந்தபோது என் பெரியம்மா தசமூலாரிஷ்டத்தை ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தார். அவர் கைகூப்பி மறுத்துவிட்டார். பட்டணத்துக்குப் போனவருக்கு நம் வைத்தியம் இளப்பமாகிவிட்டது என்று பெரியம்மா பல மாதம் வருத்தப்பட்டார். அரிஷ்டங்களில் இயல்பாகவே சாராயச் சத்து ஊறியிருக்கும். பறப்பதற்கு முன் ஊதிக் காட்டும் கருவிக்கு அது மருந்தா மதுவா என்ற வேறுபாடு தெரியாது. முதல் முறை பிடிபட்டாலே உரிமம் மூன்று மாதத்துக்கு நிறுத்திவைக்கப்படும். இரண்டாம் முறை என்றால் மூன்று ஆண்டு. 2023இல் டி.ஜி.சி.ஏ. சாராயம் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவத்தைக்கூடத் தடை செய்தது. ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதுகூட இல்லை, ஏனென்றால் ஒரு இரத்த அழுத்த அளவோ இதய வரைபடமோ சரியாக இல்லையென்றால் அடுத்த நாளே சீருடை அலமாரிக்குள் போய்விடும்.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது அக்கம்பக்கத்தில் பதில் சொல்லி மாளவில்லை. “பைலட்டுங்க தூங்கணும்னு ஃப்ளைட்டை நிறுத்திட்டாங்களாமே” என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். விமானிகளின் பணி, ஓய்வு நேரம் பற்றிய டி.ஜி.சி.ஏ.வின் புதிய விதிகளைத்தான் அப்படிச் சொன்னார்கள். அவை திடீரென்று வந்தவை அல்ல. 2024 ஜனவரியிலேயே வெளியிடப்பட்டவை. இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கியதும், இரவு என்பதை நள்ளிரவு முதல் காலை ஆறு வரை என்று நீட்டியதும், இரவுப் பணியில் இரண்டு தரையிறக்கங்களுக்கு மேல் கூடாது என்றதும்தான் அவற்றின் சாரம். போதிய விமானிகளைச் சேர்த்துவைக்காதது நிறுவனத்தின் பொறுப்பு, விமானிகளின் தூக்கம் அதற்குக் காரணம் ஆகாது என்பது என் திடமான கருத்து. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தை விசாரித்த குழு, கேப்டன் பயணத்தின் பெரும்பகுதி உறங்கியிருந்ததையும், தூக்கக் கலக்கம் அவருடைய முடிவுகளைப் பாதித்திருக்கக் கூடும் என்பதையும் எழுதியிருக்கிறது. குரல் பதிவில் குறட்டை ஒலி இருந்தது. அதைப் படித்த பிறகு என் கணவர் களைத்து வரும் நாட்களில் நான் அவரிடம் எந்தப் பேச்சையும் எடுப்பதில்லை.

எதிர் வீட்டு அக்காவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய மருமகன் நாகர்கோவிலுக்கு இரவு ஆம்னி பஸ் ஓட்டுகிறார். இத்தனை மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று கணினி கணக்கு வைத்திருக்கும், மீறினால் விமானியும் நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும் என்று நான் விளக்கியபோது, “எங்க மாப்பிள்ளைக்கும் இப்படி யாராச்சும் கணக்கு வெச்சா தேவலையே” என்றார். அதன் பிறகு நாங்கள் பேசியது முழுவதும் அவரைப் பற்றித்தான்.