பாலியோவில் 4×100 அலாய் சக்கரங்கள் பொருந்துமா?

கேள்வி: என்னிடம் 2003ஆம் ஆண்டு ஃபியட் பாலியோ இருக்கிறது. ஆசைப்பட்டு வாங்கிய அலாய் சக்கரங்களின் போல்ட் வட்டம் 4×100 (அதாவது 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நான்கு போல்ட்டுகள்), வண்டியினுடையதோ 4×98. இரண்டு மில்லிமீட்டர்தானே, இறுக்கினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம், ஐயா. விட்டத்தில் 2 மி.மீ. என்றால் ஒவ்வொரு துளையும் 1 மி.மீ. விலகி நிற்கிறது; அப்படியே இறுக்கும்போது போல்ட்டின் கூம்புப் பகுதி ஒரு பக்கத்தில் மட்டுமே பதிவதால், ஓட ஓட அது தளரவோ முறியவோ கூடும். அவ்வாறு ஓட்டிய சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன்: துளையின் ஓரம் பிறைவடிவில் தேய்ந்து, அலுமினியத் தூள் ஒட்டியிருந்தது.

மற்றொரு பதில்: இந்த வித்தியாசத்துக்கென்றே, கூம்பு வளையம் தனியாக அசையும் போல்ட்டுகள் கிடைக்கின்றன, ஆனாலும் 4×98 சக்கரத்தையே தேடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நடுத்துளையையும் அளந்து பாருங்கள். பாலியோவின் ஹப், அதாவது அந்தத் துளைக்குள் நுழையும் நடுமேடு, 58.1 மி.மீ.; ஆகவே 54.1 மி.மீ. துளையுள்ள ஸ்விஃப்ட் சக்கரம் உட்காரவே உட்காராது, துளை பெரிதாக இருந்தாலோ இடைவெளியை நிரப்பும் மைய வளையம் கட்டாயம் வேண்டும்.

கேட்டவர்: மிக்க நன்றி. அளந்தேன், 73.1 இருக்கிறது. வளையமும் அந்த போல்ட்டுகளும் கிடைக்கும்வரை பழைய இரும்புச் சக்கரங்களிலேயே ஓட்டுகிறேன்.