வாதாபிக்குப் போன பரஞ்சோதியைப் பற்றிப் படிக்க எங்கே தொடங்குவது?

அப்பாயி பேத்தி:

வணக்கம். எங்கள் அப்பாயிக்குத் திருமருகல். சின்ன வயதில் சித்திரைப் பரணிக்கு என்னைத் திருச்செங்காட்டங்குடி அமுது படையலுக்குக் கூட்டிப்போவார். கூட்டத்தில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சிறுத்தொண்டர் யாருன்னு நெனச்ச? யானைய ஓட்டிக்கிட்டுப் போயி வாதாபியத் தூளாக்கிட்டு வந்தவரு" என்பார். சிறுத்தொண்டர் அடியாருக்காகத் தன் பிள்ளை சீராளனையே கறி சமைத்த கதையை அப்பாயி ஒருநாளும் முடித்ததில்லை. அரிவாள்மனை வரும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவார். போர்க்கதையை மட்டும் எத்தனை தடவை கேட்டாலும் சொல்வார்.

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. பிறகு சிறுத்தொண்டர் ஆன அந்தப் படைத்தலைவர் பரஞ்சோதியைப் பற்றி எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக இருபது பக்கம் எழுத ஆசை. தேடினால் எங்கும் பிள்ளைக்கறிதான் வருகிறது, இல்லையென்றால் 'சிவகாமியின் சபதம்'. கல்கியின் பரஞ்சோதி எனக்கு மிகவும் பிடித்தவர். அதனாலேயே பயமாக இருக்கிறது, நாவலில் படித்ததை வரலாறு என்று எழுதிவிடக் கூடாது. நான் தமிழ் இலக்கியம் படித்தவள் இல்லை. ஆனால் மூலத்தையே படிக்கத் தயார். எதை முதலில் எடுக்கலாம்?

கல்லெழுத்து:

அம்மா, பெரியபுராணத்தில் சிறுத்தொண்ட நாயனார் புராணத்தை எடுங்கள். போர்வீரர் பரஞ்சோதி அதன் தொடக்கத்துப் பத்துப் பன்னிரண்டு பாடலுக்குள் வந்து போய்விடுகிறார். அவற்றை ஒரு வாரம் வைத்துப் படியுங்கள், அவசரமே வேண்டாம். 'ஆயுள்வே தக்கலையும் அலகில்வட நூற்கலையும் தூயபடைக் கலத்தொழிலும்' கற்றவர் என்கிறார் சேக்கிழார். மருத்துவம், வடநூல், ஆயுதம் மூன்றும் ஒரே ஆளிடம். அடுத்த வரியிலேயே யானையும் குதிரையும் செலுத்தும் திறமை வருகிறது. அவர் பிறந்த குலம் மாமாத்திரர். 'மகாமாத்திரர்' என்ற வடசொல்லுக்கு உயர் அதிகாரி என்றும் யானை செலுத்துபவர் என்றும் பொருள் உண்டு. மாவுத்தன் என்று நாம் சொல்வதும் அதிலிருந்து வந்ததுதான். உங்கள் அப்பாயி யானையை விடாமல் சொன்னது சரியான இடத்தைப் பிடித்துத்தான்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது வெற்றி அல்ல, அதற்குப் பிறகு வருவது. இவர் சிவனடியார், அதனால்தான் இவரை எதிர்க்க ஆளில்லை என்று அமைச்சர்கள் சொல்ல, அரசன் நடுங்கிப்போகிறான். அடியாரை 'வெம்புகொடும் போர்முனையில் விட்டிருந்தேன்' என்று மன்னிப்புக் கேட்டு, பொருள் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைக்கிறான். இந்த இடத்தை உங்கள் இருபது பக்கத்தில் விட்டுவிடாதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: அந்த அரசன் யார் என்று சேக்கிழார் பெயர் சொல்லவில்லை, 'மன்னவர்' என்பதோடு சரி. வாதாபி என்ற ஊரை வைத்துத்தான் ஆய்வாளர்கள் பல்லவ அரசன் முதலாம் நரசிம்மவர்மனோடும் 642ஆம் ஆண்டோடும் இணைத்தார்கள். பல்லவர் பக்கத்துச் சான்றுகள் தனி. கூரம் செப்பேடு, பரியளம், மணிமங்கலம், சூரமாரம் போர்களில் வாதாபியை ஆண்ட சாளுக்கிய அரசன் புலிகேசியின் புறமுதுகில் 'விஜய' என்று எழுதியதாகப் பேசுகிறது. உதயேந்திரம் செப்பேடு நரசிம்மவர்மனை, வாதாபி என்ற அசுரனை அழித்த அகத்தியருக்கு ஒப்பிடுகிறது. அன்றைய வாதாபியான பாதாமியிலேயே பாறையில் அவனுடைய 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சிதைந்த நிலையில் இருக்கிறது. இவை எல்லாம் அரசனைப் புகழ்பவை. பரஞ்சோதி வருவது சேக்கிழாரிடம். இரண்டையும் கலக்காமல், எது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்படி எழுதுங்கள்.

பாட்டுக்குப் பொருள் புரிய சி. கே. சுப்பிரமணிய முதலியாரின் உரை போதும். ஏழு தொகுதி என்று மலைக்க வேண்டாம், உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு புராணம். அதுவும் கடினமாக இருந்தால் முதலில் ஆறுமுக நாவலரின் வசன நூலைப் படித்துவிட்டு வாருங்கள். பல்லவர் பின்னணிக்கு மா. இராசமாணிக்கனாரின் 'பல்லவர் வரலாறு'.

பண் கேட்பவன்:

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டு, ஐந்நூறு ஆண்டு தள்ளி எழுதியவர். அவரோடு நிறுத்தாதீர்கள் அக்கா. சம்பந்தர் திருச்செங்காட்டங்குடிக்குப் பாடிய பதிகம் இரண்டு. 'பைங்கோட்டு மலர்ப்புன்னை' என்று தொடங்குவதில் 'செங்காட்டங் குடிமேய சிறுத்தொண்டன் பணிசெய்ய' என்று ஆளையே பெயர் சொல்லிப் பாடுகிறார். சிறுத்தொண்டர் வீட்டில் சம்பந்தர் விருந்தினராகத் தங்கியதாகப் பெரியபுராணமும் சொல்கிறது. சம்பந்தரின் அந்தப் பதிகத்தில் வாதாபி இல்லை, போரைப் பற்றி 'செருவடிதோட் சிறுத்தொண்டன்' என்று தோளைச் சொல்லும் ஒரு சொல்லோடு சரி. மற்றபடி கோயில் பணி செய்யும் ஒரு மனிதர், அவ்வளவுதான். சுந்தரரும் திருத்தொண்டத்தொகையில் ஒரே வரியில் வணங்குகிறார். தேவாரம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். முடிந்தால் ஓதுவார் யாராவது பாடக் கேளுங்கள்.

வாதாபி கணபதியைப் பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள். பரஞ்சோதி கொண்டுவந்த பிள்ளையார் என்பது ஊர் வழக்கு. சேக்கிழார் பெயர் சொல்லும் கொள்ளைப் பொருள்கள் மணி, நிதி, யானை, குதிரை. பிள்ளையார் அதில் இல்லை.

பெரியகோயில் படிக்கட்டு:

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பார்த்தீர்களா? ராஜராஜன் காலத்து அதிகாரி, ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான், எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளில் சிறுத்தொண்ட நம்பி, திருவெண்காட்டு நங்கை, சீராளதேவர் மூவரும் இருக்கிறார்கள். சேக்கிழாருக்கு நூறு வருடத்துக்கு மேல் முந்தியது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பாடம் அச்சாகியிருக்கிறது. அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பெயரையும் அடுத்தடுத்து வாசித்த அன்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்பாயி பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உரையோடு உட்கார்ந்தேன். 'வாதாவித் தொன்னகரம் துகளாக' என்ற வரியைப் படித்ததும் அதற்கு மேல் போக முடியவில்லை. துகளாக. தூளாக்கிட்டாருன்னு அப்பாயி சொன்னது இந்தச் சொல்லைத்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோயிலில் யாரோ பாடி, யாரோ பொருள் சொல்லக் கேட்டிருக்க வேண்டும்.

முதல் பக்கத்தை அந்த வரியில் தொடங்கப்போகிறேன். அடுத்த மாதம் தஞ்சாவூர் போகிறேன். படிக்கட்டு ஐயா, அந்தக் கல்வெட்டு கோயிலில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.